உண்மைச் சம்பவத்தைத் தழுவியது

நிமலினி எழுதிய ஏழு காதல் நாவல்களில் பாதிக்கு மேற்பட்ட பிரதிகள், அச்சகத்தில் கட்டிய கயிறுகூட அவிழ்க்கப்படாமல், உடுப்பிட்டி வீட்டின் பின்னறையில் அடுக்கிக் கிடந்தன. ஏழுக்கும் வெளியீட்டு விழா நடந்தது. விளக்கேற்றினார்கள், ஆசியுரை சொன்னார்கள், முதற்பிரதியை யாரோ ஒரு கடை முதலாளி வாங்கிப் படத்துக்கு நின்றார். நயவுரை சொல்ல வந்தவர் புத்தகத்தை விட்டுவிட்டுத் தன்னுடைய பல்கலைக்கழகக் காலத்தைப் பற்றி முக்கால் மணித்தியாலம் பேசினார். அவள் ஏற்புரைக்கு எழும்பும்போது பாதிச் சனம் பின்வாசலில் வடையும் தேத்தண்ணீருமாக நின்றது. வீட்டுக்குக் கொண்டுவரப் பொன்னாடைகள்தான் மிஞ்சின.

ஐம்பத்திரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறாள். கணவன் வின்சன்ற் இரண்டாயிரத்தோராம் ஆண்டு கனடாவுக்குப் போனவன். மூன்று வருடம் கடிதம் வந்தது, பிறகு போன் வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருப்பது அவள் போகும் தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அந்த வருடங்களில்தான் எழுதத் தொடங்கினாள். அவளுடைய நாவல்களில் போன ஆண்கள் எல்லோரும் எப்படியோ திரும்பி வந்தார்கள்.

எட்டாவது நாவலின் பெயர் ‘வாசலில் நிற்கிறேன், வதனி’. சண்டையின் கடைசி நாட்களில் இராணுவத்தால் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகப்பட்ட ஆரூரன், பதினான்கு வருடம் கழித்து ஒரு பகற்பொழுதில் வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கி, காதலியின் வீட்டு வாசலில் நிற்கிறான். அதுதான் கதை. பிரதியை வாசித்துவிட்டுப் பதிப்பாளர் செந்தூரன் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூப்பிட்டான். அவன் அவளிடம் படித்தவன்.

“ரீச்சர், கதை நல்லாயிருக்கு. ஆனா காதல் கதை எண்டா ஆரும் தொடுறாங்கள் இல்லை. அட்டையிலை ஒரு வரி போடுவம். ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’.”

“உண்மை இல்லையே, செந்தூரன். அப்பிடி ஒருத்தரும் திரும்பி வந்ததா நான் கேள்விப்படேல்லை.”

“தழுவினது எண்டுதானே போடுறம். ஆக்கள் காணாமல் போனது உண்மைதானே?”

நிமலினிக்கு வீட்டின் பின்னறையில் கிடந்த கட்டுகள் கண்ணுக்குள் வந்தன. “நீர் சொன்னாச் சரி. போடும்” என்றாள்.

வெளியீடு நெல்லியடியில் நடந்தது. இந்த முறை சனம் வடைக்கு எழும்பவில்லை. ஏற்புரையில் அவள் ஆரூரன் பஸ்ஸை விட்டு இறங்கும் பக்கத்தை வாசித்தாள். முன்வரிசையில் இருந்த பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். முடிந்ததும் கையெழுத்து வாங்க வரிசையில் நின்றார்கள். அவளுடைய வாழ்க்கையில் அப்படி ஒரு வரிசை நின்றது அதுதான் முதல் தடவை.

வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. புத்தகத்தை நீட்டவில்லை. இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பேர் எழுத?” என்று நிமலினி கேட்டாள்.

“கஜானி. புத்தூர். ரீச்சர், அந்த ஆள் ஆர்?”

“எந்த ஆள்?”

“திரும்பி வந்தவர். இதிலை ஆரூரன் எண்டு பேர் மாத்தியிருக்கிறியள். அவரை நான் ஒருக்காக் காணவேணும். என்ரை மனிசனையும் அப்பிடித்தான் பஸ்ஸிலை ஏத்தினவை. கண்ட ஆக்கள் இருக்கினம். உவர் இருந்த இடத்திலை எங்கடை ஆளையும் கண்டிருப்பார்.”

பக்கத்தில் செந்தூரன் நின்றான். விழாத் தலைவர் நின்றார். பத்திரிகைக்காரன் ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ‘அப்படி ஒருவரும் இல்லை’ என்று சொல்ல மூன்று சொல் போதும். நிமலினி அதைச் சொல்லவில்லை.

“அவரின்ரை பேரைச் சொல்ல ஏலாது, கஜானி. அவருக்குப் பயம்.”

கஜானி மெல்லத் தலையாட்டினாள். “ஓம், பயம் இருக்கும்தானே” என்றாள். அவள் அதை எவ்வளவு இலேசாக நம்பினாள் என்பதை நிமலினி வீட்டுக்கு வந்தும் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு சனி ஞாயிறும் சும்மா இருக்கவில்லை. அறிமுக விழா, வாசகர் சந்திப்பு, பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் கூட்டம். நிமலினி ஸ்கூட்டியின் முன்னுக்கு ஒரு பெட்டி, பின்னுக்கு ஒரு பெட்டி கட்டிக்கொண்டு பருத்தித்துறைக்கும் சாவகச்சேரிக்கும் ஓடினாள். வெளிநாட்டிலிருந்து ஒரு சங்கம் இணையவழியில் பேசக் கூப்பிட்டது. எல்லா இடத்திலும் அதே கேள்வியை யாராவது கேட்டார்கள். எல்லா இடத்திலும் அவள் அதே மறுமொழியைச் சொன்னாள். நாலைந்து தடவை சொன்ன பிறகு நாக்கு தடுமாறவில்லை. ஒரு கூட்டத்தில் “அவர் இப்ப வன்னியிலை அமைதியா இருக்கிறார்” என்று தானாகவே ஒரு வரி கூட்டிவிட்டாள்.

கஜானி எல்லாக் கூட்டத்துக்கும் வந்தாள். பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவாள். சண்டிலிப்பாயில் வாசகர் வட்டம் நடத்திய சந்திப்பு முடிந்து, நிமலினி பெட்டியை ஸ்கூட்டியில் கட்டும்போது கிட்ட வந்தாள். கையில் ஒரு கடித உறை.

“ரீச்சர், நீங்கள் அவரின்ரை பேர் சொல்ல வேண்டாம். இடமும் சொல்ல வேண்டாம். இதை மட்டும் அவரிட்டைக் குடுங்கோ. படம் உள்ளுக்கு இருக்கு. கண்டவரோ இல்லையோ எண்டு ஒரு சொல்லு எழுதித் தந்தாப் போதும்.”

நிமலினி கையைப் பின்னுக்கு இழுத்தாள்.

“மாமிக்கு எழுபத்தெட்டு வயசு” என்றாள் கஜானி. “ஒவ்வொரு வருசமும் விதானையார் வாக்காளர் பதிவுக்கு வாறபோது, மகன்ரை பேரையும் எழுதுவிச்சுப்போட்டுத்தான் அவரை எழும்ப விடுவா. நீங்கள் எழுதினதை நான்தான் வாசிச்சுக் காட்டினனான். முழுக்கக் கேட்டா.”

நிமலினி உறையை வாங்கினாள்.

அது ஒரு கிழமை மேசையில் கிடந்தது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் பிரித்தாள். அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படம். கன்னம் ஒட்டிய, சிரிக்காத ஒரு இளைஞன். பின்னால் ‘பிரவீணன், 1983’ என்று எழுதியிருந்தது. கடிதம் கொப்பித் தாளில், பள்ளிக்கூடப் பிள்ளையின் உருண்டை எழுத்தில் இருந்தது. ‘ஐயா, இவருக்கு இடது கையில் சின்ன விரல் மடங்காது. வெங்காயம் சாப்பிட மாட்டார், வெங்காயத் தோட்டக்காரனுக்குப் பிறந்தும். நாங்கள் கலியாணம் செய்து ஏழு மாதம்தான். கண்டால் கண்டேன் என்று எழுதுங்கள். இல்லாவிட்டாலும் எழுதுங்கள். எனக்குக் கோபம் வராது.’

‘காணவில்லை’ என்று ஒரு சொல் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் ‘காணவில்லை’ என்றால் அந்தப் பெண் இன்னும் பதினைந்து வருடம் பொட்டோடு இருப்பாள் என்று நிமலினி நினைத்தாள். வராத ஒருவனுக்காகக் காத்திருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு முடிவு கொடுப்பது புண்ணியம் என்று தனக்குத்தானே சொன்னாள். பிறகு வெள்ளைத் தாளை எடுத்து, இடது கையால் எழுதினாள்.

‘தங்கச்சி, நான் அவரைக் கண்டேன். இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்தோம். சின்ன விரல் மடங்காது. காய்ச்சலில்தான் போனார். வலி இல்லாமல் போனார். உங்கள் பெயரைச் சொல்லித்தான் அவர் நாட்களை எண்ணினார். இனிக் காத்திருக்க வேண்டாம்.’

எழுதி முடித்து வாசித்தபோது அவளுக்கே கண்ணீர் வந்தது. தான் எழுதியவற்றில் இதுதான் நல்லது என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது. அந்த நினைப்பை அவளால் பிறகு ஒருநாளும் மறக்க முடியவில்லை.

கடிதத்தைப் புத்தூருக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். பிரதான வீதியில், மதிலோரம் நின்றபடி. கஜானி அங்கேயே பிரித்து வாசித்தாள். அழவில்லை. தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, “பெரிய உதவி, ரீச்சர்” என்று சொல்லிவிட்டு ஒழுங்கைக்குள் நடந்தாள். பத்து நாள் கழித்துப் போன் எடுத்தாள். கீரிமலைக் கடற்கரையில் அவருக்குக் கிரியை முடிந்துவிட்டது என்றாள். குரலில் ஒரு களைப்பு மட்டும் இருந்தது. நிமலினி போனை வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகப் படுத்துத் தூங்கினாள்.

இரண்டு மாதம் போனது. இரண்டாம் பதிப்பு அச்சில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்து நிமலினி சேலை மாற்றும் முன்னமே படலையில் ஆள் கூப்பிடும் சத்தம் கேட்டது. கஜானி. நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும் அப்படியே. கையில் நாவல். அதன் விளிம்புகள் அழுக்குப் பிடித்து, ஒரு பக்கத்தில் பஸ் ரிக்கற் செருகியிருந்தது.

“இருங்கோ, கஜானி. தேத்தண்ணி போடுறன்.”

“வேண்டாம். நூற்றி அறுபத்து மூண்டாம் பக்கம் எடுங்கோ, ரீச்சர்.”

நிமலினி எடுக்கவில்லை. கஜானியே விரித்து, விரலால் தொட்டு, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். “‘உன் பெயரைச் சொல்லித்தான் நான் நாட்களை எண்ணினேன், வதனி.’ இது உங்கடை ஆரூரன் சொல்லுறது.” பிறகு சட்டைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள். அதை வாசிக்கவில்லை. மேசையில் வைத்தாள்.

“அந்த ஆள் என்னட்டைச் சொன்னதை அப்பிடியே...” என்று நிமலினி தொடங்கினாள்.

“என்ரை மனிசன் என்னை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இஞ்சாரும்’ எண்டுதான் கூப்பிடுவார். மற்ற ஆக்களோடை கதைக்கேக்கையும் ‘வீட்டுக்காரி’ எண்டுதான் சொல்லுவார். பேர் சொல்லக் கூச்சம். பேர் சொல்லுறது உங்கடை கதையிலை வாற ஆக்கள்தான்.”

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். அது ஓய்ந்ததும் கஜானி கேட்டாள்.

“விரல் மடங்காதது நான் எழுதினது. மிச்சம் நீங்கள் எழுதினது. அப்பிடித்தானே?”

“ஓம்” என்றாள் நிமலினி.

“திரும்பி வந்தவர்?”

“அப்பிடி ஒருத்தரும் இல்லை.”

கஜானி கதிரையின் விளிம்பில் இருந்தாள். கோபம் வரும், கத்துவாள், அடிப்பாள்கூட என்று நிமலினி எதிர்பார்த்தாள். அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். கஜானி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தனக்குள் ஏதோ கணக்குப் பார்ப்பவள் போல நிலத்தைப் பார்த்தாள்.

“கடிதம் வாசிச்ச அண்டைக்கு மாமி ஒண்டும் கேக்கேல்லை. போன மாசம் விதானையார் வந்தவர். பேர் எழுதட்டோ எண்டு கேட்டார். ‘இந்த முறை வேண்டாம், தம்பி’ எண்டா. அதுக்குப் பிறகு கட்டிலை விட்டு எழும்பேல்லை. சோறு தீத்தினா வாயிலை வைச்சுக்கொண்டு இருப்பா, விழுங்க மாட்டா. பதினெட்டு நாளிலை செத்துப்போனா. நேற்றோடை முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிஞ்சுது.”

“கஜானி...”

“பதினைஞ்சு வருசமா மகன் இருக்கிறான் எண்டு சொல்லிச் சொல்லி இருந்த மனிசி. கடைசியிலை அவன் செத்திட்டான் எண்டு நினைச்சுக்கொண்டு போனவ. உங்கடை வசனத்தைக் கேட்டுப்போட்டு.” அவள் எழும்பினாள். “எனக்கு ஒண்டு மட்டும் விளங்கேல்லை, ரீச்சர். நான் இப்ப ஆர்? தாலியைக் கழட்டிப்போட்டன். அவர் செத்தவர் எண்டும் தெரியாது, இருக்கிறார் எண்டும் தெரியாது. திரும்பப் பொட்டு வைக்கிறதோ? வைச்சா ஊர் என்ன சொல்லும்?”

நிமலினி அழத் தொடங்கினாள். கஜானி புத்தகத்தை மேசையில் விட்டுவிட்டுப் போனாள்.

இரண்டாம் பதிப்பு வெளியீடு யாழ்ப்பாண நகரில், பெரிய மண்டபத்தில். நிமலினி வர மாட்டேன் என்றாள். செந்தூரன் கெஞ்சினான். கடைசியில், வருவதானால் மேடையில் ஒரு விசயம் சொல்லுவேன் என்று சொல்லி வந்தாள். என்ன விசயம் என்று அவன் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற அதிபர் துரைராஜா தலைமை. விளக்கு, ஆசியுரை, பொன்னாடை எல்லாம் முறைப்படி நடந்தன. ஏற்புரைக்கு எழும்பியபோது மண்டபம் நிறைந்திருந்தது. அவள் தாள் கொண்டுபோகவில்லை.

“அட்டையிலை இருக்கிற வரி பொய்” என்றாள். “அப்பிடி ஒரு ஆள் திரும்பி வரேல்லை. நான் ஒருத்தரையும் காணேல்லை. எல்லா மேடையிலையும் கண்டனான் எண்டு சொன்னன். அதை நம்பின ஒரு குடும்பத்துக்கு நான் ஒரு பொய்க் கடிதமும் எழுதினன். அந்த வீட்டிலை ஒரு தாய் செத்துப்போனா.”

ஒலிவாங்கி இரைந்தது. துரைராஜா அவசரமாக எழும்பி வந்து தன்னுடைய ஒலிவாங்கியைப் பிடித்தார். “எழுத்தாளருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. படைப்பாளியின் தன்னடக்கம் என்பது இதுதான். ஒரு உண்மைக்குப் பல முகம்...” சிலர் கைதட்டினார்கள். எதற்கென்று தெரியாமல் இன்னும் பலர் சேர்ந்து தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோது நடுவரிசையில் ஒரு கிழவி எழும்பி நின்றாள். நிமலினி அவளை ஒருநாளும் கண்டதில்லை. கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் சட்டம் போட்ட படமொன்று தெரிந்தது.

“பிள்ளை, எனக்குச் சரியாக் காது கேக்கேல்லை. அப்ப அந்தப் பெடியன் வரேல்லையோ?”

நிமலினி “இல்லையம்மா” என்றாள். கிழவி பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் கதிரையில் இருந்தாள். அந்த வரிசையில் இன்னும் இரண்டு பேரின் மடியில் அப்படிப் பைகள் இருந்தன. அவள் அவற்றை அப்போதுதான் கண்டாள்.

அந்தப் பேச்சு முகநூலில் ஓடியது. அவளைத் திட்டியவர்கள் உண்டு. துணிச்சல்காரி என்று புகழ்ந்தவர்கள் அதைவிடக் கூட. ஒரு மாதத்துக்குள் செந்தூரன் வந்து, மூன்றாம் பதிப்பு கேட்கிறார்கள், அந்த வரியை எடுத்துவிட்டுப் போடலாமா என்று கேட்டான். அவள் கதவைச் சாத்தினாள். அதோடு பள்ளிக்கூடத்துக்கும் நீண்ட விடுமுறை எழுதிக் கொடுத்தாள்.

ஒரு புதன்கிழமை காலை அவள் புத்தூருக்குப் போனாள். கஜானி தோட்டத்தில் நின்றாள். சிவப்பு மண்ணில் வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றியில் பொட்டில்லை. இவளைக் கண்டும் மண்வெட்டியை வைக்கவில்லை.

“போனிலை பார்த்தன்” என்றாள். “நல்லாத்தான் கதைச்சியள். எனக்கே கண் கலங்கிச்சுது.”

நிமலினிக்கு அது அடியாக விழுந்தது. படத்தையும் கொப்பித் தாள் கடிதத்தையும் நீட்டினாள். கஜானி சேறு பட்ட கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அவற்றை வாங்கி, படத்தை மட்டும் ஒருமுறை பார்த்து, இரண்டையும் இடுப்பில் செருகினாள்.

“போன வெள்ளிக்கிழமை திரும்பவும் கிளிநொச்சிக்குப் போனனான்” என்றாள். “காணாமல் போன ஆக்களின்ரை சொந்தக்காரர் போராட்டம் இருக்கிற கொட்டிலுக்கு. ஏன் பொட்டில்லை எண்டு கேட்டினம். சட்டம் போட்ட படத்தைக் கையிலை வைச்சுக்கொண்டு இருக்கிறாய், பொட்டில்லை, அப்ப ஆருக்காக இருக்கிறாய் எண்டு. ஒருத்தி எழும்பித் தள்ளிப் போய் இருந்தா.”

“இந்த வெள்ளிக்கிழமை நானும் வாறன், கஜானி. நடந்ததை நானே அவைக்குச் சொல்லுறன். உங்களிலை பிழை இல்லை எண்டு.”

கஜானி பாத்தியின் வாயை மண்ணால் அடைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தாள். தண்ணீர் திரும்பியது.

“வேண்டாம்” என்றாள். “நீங்கள் வந்தா அவையும் என்னை மாதிரி உங்களிட்டைப் படம் தருவினம்.”

நிமலினி வரம்பில் நின்றாள். வெயில் ஏறியது. கஜானி ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் தோட்டத்தின் மறுகரைக்குப் போய்விட்டாள். நிமலினி வீதிக்கு வந்து ஸ்கூட்டியின் பக்கத்தில் நின்றாள். எந்தப் பக்கம் போவதென்று அவளுக்கு உடனே தெரியவில்லை.